எலி இல்லாத சொல்

லெப்டோஸ்பைரோசிஸ் என்ற சொல்லை நான் முதன்முதலாகக் கேட்டது என் அக்காவின் கட்டிலருகே நின்றுதான். அவள் மல்லாந்து படுத்திருந்தாள். ஒரு டாக்டர் கட்டிலுக்கு இந்தப் பக்கம், இன்னொருவர் அந்தப் பக்கம். அவள் வயிற்றுக்கு நேர் மேலாக அந்தச் சொல் இங்கிருந்து அங்கே போனது, அங்கிருந்து இங்கே வந்தது. படுத்திருந்தவளிடம் மட்டும் அது வரவில்லை. அதற்குப் பிறகு அந்தச் சொல்லை எத்தனையோ இடங்களில் நானே சொல்லியிருக்கிறேன். சொல்லும்போதெல்லாம் எனக்குக் கோபம் வந்திருக்கிறது. இதை எழுதும்போதும் வருகிறது, மறைக்கப் போவதில்லை.

எங்கள் தேயிலைத் தோட்டம் இலங்கையில் றக்வானை டவுனுக்கு மேலே இருக்கிறது. பஸ்ஸில் வளைவுகளில் குலுங்கி ஏறி, இறங்கிய பிறகும் ஒரு நல்ல ஏற்றம் நடக்க வேண்டும். அக்கா அங்கே லயத்தில், தோட்டத்து வரிசை வீடுகளில் ஒன்றில், குடியிருக்கிறாள், தேயிலை மலையில் வேலை. நான் கீழே டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் படிப்பிக்கிறேன். வீட்டில் ஒருத்திதான் படிக்கலாம் என்று ஆனபோது அவள் மலைக்குப் போனாள், நான் பள்ளிக்கூடம் போனேன். இதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. பேசினால் சண்டைதான் வரும்.

கான் என்று எங்கள் பக்கம் சொல்வது தேயிலை மலையில் மழைத்தண்ணீர் வடிய வெட்டியிருக்கும் வாய்க்காலை. முன்பெல்லாம் அது ஆம்பளைகளின் வேலை. இப்போது ஆம்பளைகளில் பாதிப்பேர் கொழும்பில் கடைகளில் நிற்கிறார்கள். கானில் அடைத்துக் கிடக்கும் சேற்றையும் குப்பையையும் அள்ளி மேலே போடும் வேலை பெண்களின் தலையில் வந்து விழுந்தது. யாரும் அவர்களைக் கேட்கவில்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலை பிரிக்கும்போது கங்காணி பெயரைக் கூப்பிட்டார், அவர்கள் போனார்கள். அக்காவும் அந்தக் கும்பலில் ஒருத்தி. முழங்கால் வரை சேற்றில் நின்று, கொழுந்து எடுத்தே வெடித்துப்போன கைகளாலும் கல் குத்திக் கிழிந்த கால்களாலும் அந்தக் கறுப்புத் தண்ணீரைத் துழாவிக்கொண்டிருந்தாள்.

காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட்டாலே கத்தினாள். தோட்டத்து டிஸ்பென்சரியில் வைரஸ் காய்ச்சல் என்று பனடோல் கொடுத்து அனுப்பினார்கள். கானில் வேலை செய்தாயா என்று ஒரு கேள்வி கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. சனிக்கிழமை நான் போய்ப் பார்த்தபோது அவளுடைய கண்கள் இரண்டும் ரத்தமாய்ச் சிவந்திருந்தன.

"ஒண்ணுக்குப் போனியாக்கா?"

"நேத்துலேருந்து ஒழுங்கா வரல. தண்ணி குடிக்காததுனால இருக்கும்."

ஆட்டோ பிடித்து அவளை ஏற்றினேன். இறக்கம் முழுவதும் ஒவ்வொரு குலுக்கலுக்கும் அவள் என் தொடையைக் கிள்ளிக்கொண்டே வந்தாள். ஆஸ்பத்திரியில் பார்த்த மாத்திரத்திலேயே சேர்த்துக்கொண்டார்கள். சிறுநீரகம் வேலையை நிறுத்தப் பார்க்கிறது, இன்னும் தாமதித்திருந்தால் சொல்ல முடியாது என்றார்கள். நியாயமாகச் சொல்ல வேண்டும்: அங்கே அவளை நன்றாகத்தான் பார்த்தார்கள். உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தார்கள். என் கோபம் வைத்தியத்தின் மேல் இல்லை.

டாக்டர்கள் நகர்ந்த பிறகு, ஊசி போட வந்த நர்ஸ் என்னிடம் சிங்களத்தில், "மீ உண, நங்கி" என்று மெதுவாகச் சொல்லிவிட்டுப் போனார். மீ என்றால் எலி, உண என்றால் காய்ச்சல்; எலியைப் பெயரிலேயே வைத்திருக்கிற சொல் அது. தமிழிலும் நமக்கு எலிக்காய்ச்சல் என்று நல்ல சொல் இருக்கிறது. எலி மூத்திரம் கலந்த தண்ணீரில் இறங்கினால் வரும் காய்ச்சல். கேட்டவுடன் எங்கே ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்று புரிந்துவிடும். நான் அக்காவிடம் குனிந்து, "எலிக்காய்ச்சலாம்க்கா, மருந்து குடுத்துட்டாங்க, சரியாகிடும்" என்றேன்.

அவள் என்னை முறைத்தாள். அந்த நிலையிலும் முறைத்தாள்.

"அவங்க இம்மாம் நீளமா சொன்னாங்க. நீ இத்தினிக்கூண்டு சொல்ற. மறைக்காத தங்கச்சி. கேன்சரா?"

"இல்லக்கா. ரெண்டும் ஒண்ணுதான்."

"ஒண்ணுன்னா அவங்க ஏன் எலின்னு சொல்லல?"

நீளமான சொல் என்றால் பெரிய நோய். அவளுக்கு அப்படித்தான் தெரியும். வாழ்க்கையில் அவளிடம் யாராவது நீளமான ஆங்கிலச் சொல்லைச் சொன்னார்கள் என்றால், அதற்குப் பின்னால் எப்போதும் ஒரு கெட்ட செய்திதான் வந்திருக்கிறது. நம்பவைப்பதற்கு எனக்கு வேறு வழி தெரியவில்லை. என் வகுப்புப் பிள்ளைகளுக்குச் செய்வதை அவளுக்கும் செய்தேன். ஊசி ஏற்றாத கையை எடுத்து, உள்ளங்கையில் என் விரலால் தட்டித் தட்டிச் சொன்னேன். லெப். டோ. ஸ்பை. ரோ. சிஸ்.

நான் பிள்ளைகளுக்கு அசைகளை இப்படித்தான் கைதட்டிக் கற்பிக்கிறேன். கைதட்டுவது எளிது, அழுத்தம்தான் கஷ்டம். ஆங்கிலத்தில் ஒரு நீளமான சொல்லில் எல்லா அசைக்கும் ஒரே மரியாதை கிடையாது. ஒன்றைத் தூக்கிச் சொல்வார்கள், மற்றவற்றை விழுங்கிவிடுவார்கள். நம் பிள்ளைகளோ அரிசி அளந்து போடுவதைப்போல எல்லா அசைக்கும் ஒரே அளவு போடுவார்கள். அப்படிச் சொன்னால் வெளியே சிரிப்பார்கள் என்று நான் வருஷக்கணக்காக அவர்களைத் திருத்திக்கொண்டிருக்கிறேன். இந்தச் சொல்லில் முதல் அழுத்தம் லேசாக லெப் மேல் விழுகிறது, பெரிய அழுத்தம் ரோ மேல் விழுகிறது. டோ பாதிதான் காதில் விழும். கட்டிலுக்கு மேலே டாக்டர்கள் சொன்னபோது அந்த ரோ மட்டும்தான் அக்காவுக்குக் கேட்டிருக்கிறது. "என்னமோ ரோ ரோன்னாங்க" என்றாள்.

அவள் தூங்கிய பிறகு வராந்தாவில் நின்றுகொண்டு போனில் அந்தச் சொல்லைத் தேடினேன். கிரேக்கத்திலிருந்து வந்ததாம். லெப்டோ என்றால் மெல்லியது. ஸ்பைரா என்றால் சுருள். ஓசிஸ் என்றால் ஒரு நிலை, நோய்ப்பட்ட நிலை. நுண்ணோக்கியில் பார்த்தவனுக்குக் கிருமி மெல்லிய சுருளாகத் தெரிந்திருக்கிறது, அதையே பெயராக வைத்துவிட்டான். அசையாகப் பிரித்தால் ஐந்து, பொருளாகப் பிரித்தால் மூன்று. இரண்டு பிரிப்பும் ஒன்றோடொன்று ஒட்டவில்லை. சத்தமாகச் சொல்கிற அந்த ரோ இருக்கிறதே, அதில் பாதி சுருளின் வால், மறு பாதி நோயின் தலை. தனியாக எடுத்தால் அதற்கு ஓர் அர்த்தமும் இல்லை. அர்த்தமே இல்லாத இடத்தில்தான் முழு அழுத்தத்தையும் வைத்திருக்கிறார்கள்.

மறுநாள் அக்காவுக்கு இதைச் சொன்னேன். கண் கொஞ்சம் தெளிந்திருந்தது. கவனமாகக் கேட்டாள்.

"மெல்லிசு. சுருளு. நோயி. அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்."

"எலி எங்க இருக்கு?"

"இல்லக்கா."

"கானு?"

"அதுவும் இல்ல."

"என் காலு?"

நான் இல்லையென்று தலையாட்டினேன். "அப்ப அது வேற யாருக்கோ வந்த காய்ச்சலு" என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்தாள். சாதாரணமாகத்தான் சொன்னாள். எனக்குத்தான் பற்றிக்கொண்டு வந்தது.

அக்கா வீட்டுக்கு வந்த பிறகும் அந்தச் சொல் விடவில்லை. தொரை, அதாவது தோட்டத்து மெனேஜர், பெரட்டுக்களத்தில் எல்லாரையும் நிறுத்திவைத்து ஒருநாள் பேசியிருக்கிறார். ஒருத்திக்கு லெப்டோஸ்பைரோசிஸ் வந்திருக்கிறது, அது சூழலில் இருக்கிற பக்டீரியா, எல்லாரும் சுத்தமாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். எலி என்று சொல்லவில்லை. கான் என்று சொல்லவில்லை. சொன்னால் கானைப் பற்றிப் பேச வேண்டிவரும், கானைப் பற்றிப் பேசினால் அதில் இறக்கிவிட்டது யார் என்று வரும். மெல்லியது, சுருள், நிலை என்று பேசினால் யார் பேரும் வராது. கிரேக்கம் எவ்வளவு வசதி பாருங்கள்.

கங்காணி அந்தச் சொல்லை வெட்டி லெப்டோ ஆக்கினார். லயத்துக்கு வந்து சேர்வதற்குள் அது ஒட்டுவாரொட்டி ஆகிவிட்டது. கொரோனாவைப் பார்த்த சனம்தானே. புரியாத பெயரில் எது வந்தாலும் அது மூச்சிலே ஒட்டும் என்று முடிவு. அக்கா பீலிக்குத் தண்ணீர் பிடிக்கப் போனால் மற்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு விலகினார்கள். பக்கத்துக் காம்பராக்காரி, லயத்தில் அடுத்த அறையில் இருப்பவள், எந்நேரமும் எங்கள் வீட்டுத் தேயிலைத் தண்ணியைக் குடித்துக்கொண்டிருந்தவள், வாசலோடு நின்று நலம் விசாரித்துவிட்டுப் போனாள். எலிக்காய்ச்சல் என்று சொல்லியிருந்தால் ஒருத்தியும் பயந்திருக்க மாட்டாள். எலியைப் பற்றி அவர்களுக்குத் தெரியாதது ஒன்றும் இல்லை. ஒரு நல்ல சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் ஒரு பூதத்தை வைத்துவிட்டார்கள்.

நான் அந்த லயத்தில் ஒவ்வொரு வாசலாகப் போய்ச் சண்டை பிடித்தேன். "எலிக்காய்ச்சல்! எலிக்காய்ச்சல்! மனுஷரிலேருந்து மனுஷருக்கு இப்பிடி ஒட்டாது!" என்று கத்தினேன். டீச்சரம்மாவுக்கு அக்காவால் கொஞ்சம் மூளை கலங்கிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள்.

அக்கா கொஞ்சம் தேறியதும் மறுபடி பெரட்டுக்குப் போனாள். வேறு வழியில்லை, வேலைக்குப் போனால்தான் அன்றைக்குப் பேர், பேர் விழுந்தால்தான் சம்பளம். முதலில் லேசான வேலை கொடுத்தார்கள். பிறகு அடுத்த மழைக்கு முன் கான் முடிக்க வேண்டும் என்று, வருகிற திங்கட்கிழமைக்கு அவளையும் கான் கும்பலில் சேர்த்துவிட்டார் கங்காணி. போனில் இதைச் சொல்லும்போது அக்காவின் குரலில் வருத்தம்கூட இல்லை. பஸ் நேரம் சொல்வதுபோல் சொன்னாள். இன்னொரு தடவை வந்தால் சிறுநீரகம் தாங்காது என்று டாக்டர் சொன்னது எனக்குத்தான் நினைவிருந்தது. அவளை மறுபடி வெறுங்காலோடு அந்தத் தண்ணீரில் இறக்கக் கூடாது. எனக்கு வேறெதுவும் வேண்டியிருக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பின்னேரம் மேலே போனேன். "பூட்ஸ் கேட்டியா?" என்றேன்.

"பூட்ஸ் குடுத்தாங்களே. போன வருசமே குடுத்தாங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "குடுத்தாங்களா? எங்க?"

அவள் சொல்லச் சொல்ல என் தலை சூடேறியது. கான் தொடங்கும் இடத்தில் மலைச்சாமி என்று ஒரு கல் நிற்கிறது. குங்குமம் வைத்து, வேலை தொடங்குமுன் சூடம் கொளுத்திக் கும்பிட்டுவிட்டுத்தான் எல்லாரும் இறங்குவார்கள். கும்பிடும் இடத்தில் காலில் எதுவும் இருக்கக் கூடாது. அதனால் பூட்ஸைக் கழற்றினார்கள். சாமிக்குக் கீழே இருக்கிற மலை முழுவதும் சாமியின் இடம். அதனால் திரும்ப மாட்டவில்லை. பூட்ஸெல்லாம் கல்லுக்குப் பக்கத்தில் வரிசையாக நின்றன, இவர்கள் வெறுங்காலோடு கானில் நின்றார்கள். கங்காணி அதைப் போனில் படம் எடுத்து ஆபீஸுக்கு அனுப்பிவிட்டார். அடுத்த தடவை பூட்ஸ் வரவில்லை, இருந்ததும் ஸ்டோருக்குத் திரும்பிப் போய்விட்டது.

"அறிவிருக்கா உனக்கு?" என்று கேட்டுவிட்டேன். "கல்லுக்கு முன்னால கழட்டினா சரி. இறங்கும்போது மாட்ட வேண்டியதுதானே? உசுரு போகப் பார்த்துச்சே!"

"சாமி எடத்துல எப்புடி பூட்ஸோட எறங்குறது? பாம்பு பூச்சி கடிக்காம அதானே பாத்துக்குது?"

"பாம்பு கடிக்கல. எலி கடிக்காமலே கொன்னிருக்கும்!"

அவள் அழவில்லை. அடுப்பைப் பார்க்கத் திரும்பினாள்.

சனிக்கிழமை காலை ஆபீஸுக்குப் போனேன். அக்காவையும் இழுத்துக்கொண்டுதான் போனேன். வழியெல்லாம் அந்தச் சொல்லை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே நடந்தேன். லெப் லேசாக, டோ அதைவிட லேசாக, ரோ ஓங்கி. தொரையோடு ஆங்கிலத்தில் பேச வேண்டும் என்று முடிவு செய்திருந்தேன். அவருடைய கேடயத்தை அவர் கையிலிருந்தே வாங்கிக்கொள்ள வேண்டும். அழுத்தம் சரியான இடத்தில் விழுந்தால் இவள் விஷயம் தெரிந்தவள் என்று நினைப்பார், விஷயம் தெரிந்தவளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அப்படியொரு நம்பிக்கை. பிள்ளைகளுக்கும் அதைத்தானே சொல்லிக்கொடுக்கிறேன்: ஒழுங்காகப் பேசினால் கேட்பார்கள்.

தொரை மேசைக்குப் பின்னால் இருந்தார். நடுத்தர வயது, சிங்களவர், எங்களோடு பேசப் போதுமான தமிழ் பழகியவர். கங்காணி ஓரமாக நின்றார். தொரை என்னை மட்டும் உட்காரச் சொன்னார். நான் உட்காரவில்லை. நின்றபடி ஆங்கிலத்தில் சொன்னேன்: என் அக்காவுக்கு வந்தது லெப்டோஸ்பைரோசிஸ், எலி மூத்திரம் கலந்த கான் தண்ணீரில் நின்றதால் வந்தது, சிறுநீரகம் பாதிக்கப்பட்டிருக்கிறது, அவளை மறுபடி கானுக்குப் போட்டிருக்கிறீர்கள், பூட்ஸும் தடுப்பு மாத்திரையும் இல்லாமல் அவளையோ வேறு யாரையுமோ இறக்கக் கூடாது. ஒரு தடங்கலும் இல்லாமல் சொன்னேன். ரோ கச்சிதமாக விழுந்தது.

அவர் முகம் மலர்ந்தது.

"டீச்சர், உங்க ப்ரொனன்சியேஷன் ரொம்ப நல்லம்," என்றார். "எங்க ஸ்டாஃப்கூட இந்த வேர்ட் சரியா சொல்றது இல்ல. எங்க படிச்சது?"

ஒருத்தி சாகக் கிடந்தாள் என்று சொல்கிறேன், அவர் என் உச்சரிப்புக்கு மார்க் போடுகிறார். அத்தனை அசையும் அவர் காதில் போய்ச் சேர்ந்திருக்கிறது, என் அக்கா மட்டும் சேரவில்லை. அந்த நிமிஷம் எனக்கு அந்தச் சொல்லின் மேலேயே வெறுப்பு வந்தது. அதைச் சரியாகச் சொல்லிப் பழகிய என் நாக்கின் மேலும் வந்தது.

"நான் படிச்சது இருக்கட்டும்," என்றேன் தமிழில். "பூட்ஸ் எங்க?"

அவர் போனை எடுத்துத் தேடி என் பக்கம் திருப்பினார். அதே படம். குங்குமம் வைத்த கல், பக்கத்தில் வரிசையாகக் கறுப்பு பூட்ஸ், தூரத்தில் கானுக்குள் குனிந்த முதுகுகள்.

"பாருங்க. நாங்க குடுத்தது. இவங்க போடல. இது இவங்க சாமி, இவங்க நம்பிக்கை. நாங்க அதுல கை வைக்க ஏலாது தானே?"

நேற்று அடுப்படியில் நான் கத்தியதையே அவர் நயமாகச் சொன்னார். அது எனக்குச் சுருக்கென்றது. தலை குனிந்தேன். அப்போதுதான் என் கால்களைப் பார்த்தேன்.

வெறுங்கால். சிமெண்டுத் தரை சில்லென்று இருந்தது. வாசலில் செருப்பைக் கழற்றியது எனக்கு நினைவே இல்லை. யாரும் கழற்றச் சொல்லவில்லை, கழற்று என்று எழுதியும் போடவில்லை. எனக்குப் பின்னால் அக்கா வெறுங்காலோடு நின்றாள். கங்காணியும் வெறுங்கால்தான். மேசைக்கு அடியில் தொரையின் சப்பாத்து பளபளவென்று இருந்தது. வாசலுக்கு வெளியே எங்கள் செருப்புகள் வரிசையாக, ஒழுங்காக, அந்தப் படத்தில் இருந்தது போலவே நின்றன.

நான் வெளியே போனேன். என் செருப்பை மாட்டிக்கொண்டு திரும்ப உள்ளே வந்தேன். என் நடைச் சத்தம் கேட்டது, அவ்வளவு அமைதி.

"தொரை, வாசல்ல இருக்கிறதையும் ஒரு படம் எடுத்து வச்சுக்குங்க," என்றேன். "இங்க எந்தச் சாமி இருக்கு?"

அவர் வாசலைப் பார்த்தார். "அது மரியாதை தானே, டீச்சர்," என்றார், மெதுவாக.

"அங்கயும் மரியாதைதான். செருப்போட ஆபீஸ் பக்கம் வந்தா அடிப்பாங்கன்னு எங்க சனம் பயந்து கெடந்த காலம் இருக்கு. காலுல எதையும் போடாதேன்னு சொல்லிச் சொல்லியே வளத்தாங்க. அந்தச் சனம் சாமிகிட்ட வேற எப்புடி நிக்கும்? பழக்கிவிட்டது யாரு? இப்ப அதையே படம் எடுத்து வச்சுக்கிட்டு நம்பிக்கைங்குறீங்க."

அக்கா பின்னாலிருந்து என் சேலையைப் பிடித்து இழுத்தாள். நான் நிறுத்தவில்லை. திங்கட்கிழமை கான் வேலை நடக்கக் கூடாது, பூட்ஸும் மாத்திரையும் வந்த பிறகுதான் இவர்கள் இறங்குவார்கள், அதுவரை என் அக்கா வரமாட்டாள், மீறி இறக்கினால் நான் போக வேண்டிய இடத்துக்கெல்லாம் போவேன் என்றேன். தொரை பேனாவைத் திருகிக்கொண்டிருந்தார். பார்ப்போம் என்றார். பார்ப்போம் வேண்டாம் என்றேன். கடைசியில் கங்காணியைப் பார்த்துச் சிங்களத்தில், கானை ஒரு வாரம் தள்ளிப் போடு, ஸ்டோரில் பூட்ஸுக்குச் சொல் என்றார். எங்களைப் பார்த்துச் சொல்லவில்லை. ஆனால் சொன்னார்.

வெளியே வந்ததும் அக்கா கேட்டாள், "இப்புடியா பேசுவ தொரைகிட்ட? நாளைக்கு நான் அவரு மூஞ்சில முழிக்க வேணாமா?" எனக்கு அவளை அறையலாம் போல இருந்தது. கட்டிப்பிடிக்கலாம் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை.

மாத்திரைக்கு நானே சுகாதாரப் பரிசோதகருக்குப் போன் செய்தேன். அவர் மோட்டார் சைக்கிளில் மேலே வந்து, பெரட்டுக்களத்தில் பெண்களை நிறுத்தி, சிங்களத்தில், "மீ உண" என்று தொடங்கினார். எங்கள் பெண்களுக்குச் சிங்களம் தண்ணீர்பட்ட பாடு. எலி, மூத்திரம், கான், காலில் வெட்டு, வாரத்துக்கொரு தடவை இந்த மாத்திரை. பேச்சு முடிவதற்குள் எல்லாருக்கும் புரிந்துவிட்டது. பக்கத்துக் காம்பராக்காரி அக்காவைப் பார்த்து, "எலிக்காய்ச்சல்தானாடி? அதையா இந்த ஆளுங்க லெப்டோங்குறாங்க?" என்று கேட்டாள். அன்றைக்குப் பின்னேரமே எங்கள் வீட்டில் தேயிலைத் தண்ணி குடித்தாள். அதற்கு முன் குடிக்காமல் இருந்ததைப் பற்றி அவளும் பேசவில்லை, அக்காவும் பேசவில்லை. நான் மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தேன்.

பூட்ஸ் வந்தது. எல்லாம் ஆம்பளை அளவு. கானில் நிற்கப்போவது பெண்கள் என்று எல்லாருக்கும் தெரியும், கால் என்ன அளவு என்று கேட்க ஒருவருக்கும் தோன்றவில்லை. அக்கா பழைய துணியை உள்ளே திணித்து, மேலே ரப்பர் வாரால் கட்டிக்கொண்டாள். நடக்கும்போது சளக் சளக் என்றது.

பள்ளிக்கூடம் விடுமுறை என்பதால் கான் வேலை தொடங்கிய அன்று நானும் கூடப் போனேன். கல்லுக்கு முன்னால் எல்லாரும் பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள். சூடம் எரிந்து தணிந்தது. பிறகு யாரும் அசையவில்லை. பூட்ஸைப் பார்க்கிறார்கள், கல்லைப் பார்க்கிறார்கள், ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிறார்கள். கங்காணி போனைக் கையில் எடுத்தார். நான் வாயைத் திறக்கப்போனேன். அதற்குள் அக்கா அந்த இடத்திலேயே உட்கார்ந்து பூட்ஸை இழுத்து மாட்டத் தொடங்கினாள். மாட்டிக்கொண்டே கல்லோடு பேசினாள்.

"கோவிச்சுக்காத சாமி. கோவிச்சாலும் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னொரு தடவ ஆசுபத்திரிக்குப் போனா நான் திரும்ப மாட்டேன். ஒனக்கு யாரு சூடம் கொளுத்துறது?"

எழுந்து, ரப்பர் வாரை இறுக்கிவிட்டு, கல்லைத் தாண்டிக் கீழே இறங்கினாள். அவளுக்குப் பின்னால் பக்கத்துக் காம்பராக்காரி இறங்கினாள். பிறகு மற்றவர்கள். கங்காணி போனைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டார்.

பின்னேரம் அக்கா வீட்டுக்கு வந்து, வாசலில் உட்கார்ந்து பூட்ஸைக் கழற்றினாள். உள்ளே திணித்த துணியை உருவிப் பார்த்தாள். பாதங்களைக் கையால் தடவிப் பார்த்தாள். விரல் இடுக்குகளையும் பார்த்தாள்.

"இங்க பாரு தங்கச்சி," என்றாள். "காஞ்சிருக்கு. மழக்காலத்துல மலைக்குப் போயி கால் காஞ்சு வீட்டுக்கு வந்தது இன்னைக்குத்தான்."

சிரித்தாள். நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எனக்கு அழுகையும் வரவில்லை, சிரிப்பும் வரவில்லை. அவள் மலைக்குப் போன வயதும் நான் பள்ளிக்கூடம் போன வயதும் ஒன்றாக நினைவுக்கு வந்து, எனக்குக் கோபம்தான் வந்தது.